மாலை நாலு மணிக்கு மட்டும் பேக்கெட் லாஸ்: சேட்ஸ்வர்த், 50 மெகாபிட் ஃபைபர்

சனிக்கிழமை வாத்தியார் · செவ்வாய், மாலை 5.10

வணக்கம். டர்பன், சேட்ஸ்வர்த். ஃபைபர் போட்டு இரண்டு வருடம் ஆகிறது, இதுவரை தொல்லை இல்லை. மூன்று வாரமாக, லண்டன் அலுவலகத்தோடு நாலு மணிக்கு நடக்கும் கூட்டத்தில் என் குரல் அறுந்து அறுந்து போகிறதாம். அவர்கள் பேசுவதும் எனக்குப் பாதிதான் கேட்கிறது. சனிக்கிழமை மூன்றரைக்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன், அங்கேயும் இதே கதைதான். போன வாரம் "ழ" சொல்லிக் கொடுத்தேன். பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு விதமாகக் கேட்டிருக்கிறது.

வேகம் அளந்தால் 48 மெகாபிட் காட்டுகிறது. நிறுவனத்துக்கு மூன்று முறை டிக்கெட் போட்டேன். மூன்று முறையும் ஆள் வந்தார், பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது, லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். நான்காவது முறை கூப்பிட்டபோது ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அதை அணைத்து அணைத்து ஸ்விட்ச் தேய்ந்ததுதான் மிச்சம்.

கூகுளின் சர்வர் 8.8.8.8க்கு நாலு மணிக்கு 600 பிங் (பதில் கேட்டு அனுப்பும் சின்னப் பேக்கெட்) அனுப்பினேன். 564தான் திரும்பி வந்தன. 6% போச்சு. எங்கே போச்சு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்காம் தலைமுறை · செவ்வாய், மாலை 5.42

அண்ணா, நான் டர்பன் ஃபீனிக்ஸ் பகுதி. என் தமிழ் கொஞ்சம்தான், பிழை இருந்தால் மன்னிக்கவும். பேக்கெட் லாஸ் என்றால் என்ன? 6% சின்ன நம்பர்தானே?

சனிக்கிழமை வாத்தியார் · செவ்வாய், மாலை 5.50

உங்கள் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை தம்பி. வகுப்பில் இதைப் "பொட்டல இழப்பு" என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகள் வடைப் பொட்டலம் காணாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். அது ஏன் பெரிய எண் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

மழைக்காகம் · செவ்வாய், மாலை 6.15

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து. கடலடி கேபிள்தான் காரணமாக இருக்கும். 2024 மே 12 அன்று கிழக்குக் கரையில் ஈஸி, சீகாம் என்ற இரண்டு கேபிளும் ஒரே நாளில் அறுந்தன, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இரண்டு மாதம் முன்னால் மேற்குக் கரையில் நாலு கேபிள். அப்போதும் இப்படித்தான் திணறியது. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பேட்டரி · செவ்வாய், மாலை 6.31

மினி யூபிஎஸ், அதுதான் கரண்ட் போனால் ரவுட்டரைத் தாங்கும் பேட்டரிப் பெட்டி, வைத்திருக்கிறீர்களா? 2022, 23இல் மின்வெட்டு ஆறாம் கட்டம்வரை போன நாட்களில் ஊரே வாங்கியது. பாதி வீட்டில் அது இன்னும் டிவிக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டு இருக்கிறது. ரவுட்டர் ஒன்றரை ஆம்பியர் கேட்கும், யூபிஎஸ் ஒரு ஆம்பியர்தான் தரும். பேட்டரியும் கிழடு தட்டியிருந்தால் வோல்டேஜ் இறங்கி ரவுட்டர் தள்ளாடும். அதைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள்.

ஒளியிழை · செவ்வாய், இரவு 8.05

ஜோபர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து எழுதுகிறேன். பதினைந்து வருடமாக நெட்வொர்க் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது.

முதலில் ஃபீனிக்ஸ் தம்பிக்கு. நீங்கள் பேசும் குரலை 20 மில்லிசெகண்ட் துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு பேக்கெட்டாக அனுப்புகிறது மென்பொருள். நொடிக்கு 50 துண்டு. அதில் 6% போனால் நொடிக்கு மூன்று துண்டு காணாமல் போகும். ஒன்றிரண்டு போனால் மென்பொருளே ஒட்டுப்போட்டுச் சமாளிக்கும். அடுத்தடுத்து மூன்று போனால் ஒரு எழுத்தே போய்விடும். வாத்தியாரின் ழகரம் அப்படித்தான் போயிருக்கும்.

இனி வாத்தியாரே, உங்களுக்கு. 8.8.8.8 என்பது ஊர்க்கோடி. வீட்டு வாசலிலிருந்து ஊர்க்கோடிவரை எங்கே வேண்டுமானாலும் தொலைந்திருக்கலாம். ஒவ்வொரு படியாகத்தான் அளக்க வேண்டும். நாளை நாலு மணிக்கு இதைச் செய்யுங்கள்: வைஃபையிலேயே இருந்துகொண்டு உங்கள் ரவுட்டருக்கு 600 பிங் அனுப்புங்கள், பெரும்பாலும் 192.168.1.1ஆக இருக்கும். பிறகு லேன் வயரை மடிக்கணினியில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு, மறுபடி 600. அப்புறம் அதே வயரில் எம்டிஆர் (வழியில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் எத்தனை பதில் தொலைகிறது என்று காட்டும் நிரல்) ஓட்டி, வருவதை அப்படியே இங்கே போடுங்கள்.

பேட்டரி சொன்னதையும் செய்து பாருங்கள், செலவில்லை. கடலடி கேபிளை இப்போதைக்குக் கடலிலேயே விடுவோம்.

சனிக்கிழமை வாத்தியார் · புதன், மாலை 5.25

செய்துவிட்டேன்.

வைஃபையில் ரவுட்டருக்கு: 600 போனது, 588 வந்தது. 2%.
வயரில் ரவுட்டருக்கு: 600 போனது, 600 வந்தது.
யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் கழற்றியபோது அதன் அடிப்பக்கம் பூரி மாதிரி உப்பியிருந்தது. பேட்டரிக்கு நன்றி, அதை வெளியே வைத்துவிட்டேன்.

வயரில் எம்டிஆர், 600 முறை:
1. என் ரவுட்டர்: 0%
2. நிறுவனத்தின் முதல் கருவி: 4%
3. அடுத்தது: 4%
4. அடுத்தது: 38%
5. அடுத்தது: 4%
6. 8.8.8.8: 4%

மழைக்காகம் · புதன், மாலை 5.40

பார்த்தீர்களா! நாலாவதுதான் குற்றவாளி. 38%!

ஒளியிழை · புதன், இரவு 7.20

எல்லோரும் விழும் குழி இது, நானும் விழுந்திருக்கிறேன். நாலாவது கருவி 38% உண்மையிலேயே தின்றிருந்தால் ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் அதே அளவு குறைந்துதானே போய்ச் சேர வேண்டும்? அங்கே 4%தான் இருக்கிறது. அப்படியானால் நாலாவது எதையும் தின்னவில்லை. தன்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சோம்பல் படுகிறது. பெரிய ரவுட்டர்கள் வழிப்போக்கைத் தனிச் சில்லில் தள்ளிவிடும். பிங்குக்குப் பதில் எழுதுவது அதன் சிபியூ, அந்த வேலை கடைசி வரிசையில். என்3 சாலையில் மரியன்ஹில் சுங்கச்சாவடி ஊழியரிடம் வழி கேட்டால் அவர் வாய் திறக்காமல் இருக்கலாம். அதற்காக வண்டிகள் நின்றுவிடுமா?

எங்கே தொடங்கி, கடைசிவரை தொடர்கிறதோ, அந்த இழப்பைத்தான் நம்ப வேண்டும். உங்களுக்கு அது ஒன்றாம் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவில். அந்த இரண்டாம் படி டர்பன் ஊருக்குள்ளேயே இருக்கும். மழைக்காகம், பேக்கெட் இன்னும் கடலையே பார்க்கவில்லை.

கணக்கும் அழகாக ஒத்துப்போகிறது: வைஃபை 2, வெளி லைன் 4, ஆக 6. உங்களுக்கு இரண்டு வியாதி. ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

இடியாப்பம் · புதன், இரவு 8.02

கேப் டவுனில் இருக்கிறன். இது எனக்கு விளங்கவில்லை: 4% தொலைந்தால் வேகம் அளக்கிறபோது எப்படி 48 வரும்? என்னுடைய மகனும் படம் பார்க்கிறபோது ஒரு பிரச்சினையும் இல்லை என்கிறான், ஆனால் கொழும்புக்கு அம்மாவோடு கதைத்தால் உடைஞ்சு உடைஞ்சு வருது.

ஒளியிழை · புதன், இரவு 8.47

அருமையான கேள்வி அக்கா, இதில் கொஞ்சம் நிற்கலாம்.

டிசிபி, அதாவது இணையத்தில் டேட்டாவைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் முறை, எப்படி வேலை செய்கிறது என்றால், ஒரு பேக்கெட் தொலைந்ததும் "ஐயோ, நெரிசல்" என்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்ல ஏற்றும். எவ்வளவு மெல்ல என்பது போய்வரும் நேரத்தைப் பொறுத்தது. 1997இலிருந்து ஒரு வாய்பாடு இருக்கிறது: ஒரு இணைப்பின் வேகம், போய்வரும் நேரத்துக்கும் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். பழைய டிசிபிக்கான கணக்கு அது, புதியவை இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இருந்தாலும் போட்டுப் பாருங்கள்.

இழப்பு 4%. டர்பனுக்குள் இருக்கும் சர்வருக்குப் போய்வர 10 மில்லிசெகண்ட் என்றால் ஒரு இணைப்பில் ஏறக்குறைய 7 மெகாபிட் வரும். லண்டனுக்கு 170 என்று வையுங்கள், அதே 4% இழப்பில் ஏறக்குறைய 400 கிலோபிட்தான். பதினேழில் ஒரு பங்கு!

வேகம் அளக்கும் தளம் என்ன செய்கிறது? பக்கத்து சர்வரைப் பிடித்து, ஏழெட்டு இணைப்பை ஒரே நேரத்தில் திறக்கிறது. 7 மெகாபிட் பெருக்கல் 7. உங்களுக்கு 48 வந்துவிட்டது, நிறுவனத்துக்கும் வாயடைக்க ஒரு எண் கிடைத்துவிட்டது. படங்களும் அப்படித்தான், பெரிய நிறுவனங்கள் உள்நாட்டிலேயே சர்வர் வைத்திருக்கின்றன. நாப்ஆப்பிரிக்கா இணைப்பு மையம் ஜோபர்க், கேப் டவுன், டர்பன் மூன்றிலும் இருக்கிறது. மேலும் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள நேரம் இருக்கிறது. அம்மாவின் குரலை முன்கூட்டியே இறக்கி வைக்க முடியாதே.

இடியாப்பம் · புதன், இரவு 9.10

கடைசி வரியைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். உடைஞ்சுதான் வந்தது, பரவாயில்லை. நாளைக்கே அளந்து பார்க்கிறன்.

சனிக்கிழமை வாத்தியார் · வியாழன், காலை 8.15

வைஃபை கதையை முதலில் முடித்துவிடுகிறேன். இது 1960களில் மாநகராட்சி கட்டிக்கொடுத்த வீடு, கற்சுவர். ரவுட்டர் முன்னறையில் சாமி அலமாரியின் மேல்தட்டில், குத்துவிளக்குக்கும் வெள்ளித் தாம்பாளத்துக்கும் நடுவில். நான் உட்காருவது பின்கட்டில். நடுவே சமையலறை, ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ். வைஃபை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்து வைஃபையும் என்னுடையதும் எல்லாமே ஆறாம் சானலில். மாமியாரிடம் அனுமதி வாங்கி ரவுட்டரை நடைவழிக்கு இறக்கினேன், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். இப்போது வைஃபையில் ரவுட்டருக்கு 600க்கு 600. மாமியாருக்கும் சந்தோஷம், சாமிக்கு இடம் கிடைத்துவிட்டது.

வெளி லைன் 4%தான் பாக்கி. இன்று காலை 7.40க்கு ஓட்டினேன், பூஜ்யம்!

மழைக்காகம் · வியாழன், காலை 9.00

அப்படியானால் நெரிசல். எல்லோரும் பள்ளி, வேலை முடிந்து வந்து படம் போடுகிறார்கள்.

ஒளியிழை · வியாழன், மதியம் 12.30

நெரிசலாக இருந்தால் இரவு எட்டு மணிக்கு உச்சத்தில் இருக்க வேண்டும், இழப்புக்கு முன்னால் போய்வரும் நேரமும் ஏறியிருக்கும். வாத்தியாரே, ஒரு முழு நாள் விடாமல் ஓடவிடுங்கள். வயரில், இரண்டாம் படிக்கு, நொடிக்கு ஒன்று, நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதட்டும். பக்கத்து வீட்டில் அதே ஃபைபர் இருந்தால் அவர்களையும் கேளுங்கள். ஒரே கம்பத்தில், ஒரே ஸ்ப்ளிட்டரிலிருந்து பிரிந்து வரும் வீடுகளில் ஒன்றுக்கு மட்டும் கோளாறு என்றால், கம்பத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில்தான்.

சனிக்கிழமை வாத்தியார் · வெள்ளி, இரவு 7.50

ஒரு இரவு, ஒன்றரைப் பகல் ஓடியது. அரைமணி அரைமணியாகக் கூட்டிப் பார்த்தேன்.

நள்ளிரவு, பூஜ்யம். இரவு எட்டு மணி, பூஜ்யம். காலை 6.30 முதல் 7.15வரை 3%க்கு மேல். மாலை 3.30 முதல் 4.30வரை 4%, நடுவில் சில நிமிடங்களுக்கு 20%கூட. மற்ற நேரமெல்லாம் சுத்தம். மாலையில் இரண்டு நாளும் ஏறக்குறைய அதே நேரம். போய்வரும் நேரம் மட்டும் எப்போதும் ஒரே மாதிரி 9, 10.

பக்கத்து வீட்டு அங்கிளுக்கும் அதே நிறுவனம்தான். அவர் வீட்டில் நாலு மணிக்கு ஓட்டினேன், 600க்கு 600.

டெக்னீஷியன் மூன்று முறையும் வந்தது காலை 11 மணிக்கு.

பேட்டரி · வெள்ளி, இரவு 8.10

நேரம் பார்த்து வருகிற நோய்! பக்கத்தில் யாராவது மோட்டார், வெல்டிங் ஏதாவது ஓட்டுகிறார்களா?

ஒளியிழை · வெள்ளி, இரவு 8.35

கண்ணாடி இழைக்குள் ஓடுவது ஒளி, வெல்டிங் அதை ஒன்றும் செய்யாது. அதை நோகடிக்க இழுக்க வேண்டும், நசுக்க வேண்டும், அல்லது மடக்க வேண்டும். விரல் பருமனுக்கு மடக்கினாலே ஒளி வளைவில் வெளியே கசியும்.

ஃபைபர் வந்து முடியும் உங்கள் வெள்ளைப் பெட்டி, அந்த ஓஎன்டி, வந்து சேரும் ஒளியின் பலத்தை டிபிஎம் என்ற அலகில் அளக்கும். உங்களுக்குத் திரையில் காட்டாது, நிறுவனத்தார் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம். மைனஸ் 18, 20 என்றால் சுகம். வீட்டு ஃபைபரில் வழக்கமான ஜிபான் வகைக் கருவிக்கு மைனஸ் 27தான் எல்லை. அதற்குக் கீழே போனால் பிட்டுகள் சிதையும். ஒளி முழுக்க அறுந்தால்தான் சிவப்பு விளக்கு வரும். அரைகுறையாக வந்தால் பச்சை விளக்கு பச்சையாகவே நிற்கும். அதைப் பார்த்துத்தான் மூன்று பேரும் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அவர்களுக்கு எழுதுங்கள்: "இப்போது அல்ல, நாளை காலை 6.45க்கு என் ஓஎன்டியின் ஒளி அளவைப் பார்த்துச் சொல்லுங்கள்." உங்கள் அட்டவணையையும் சேர்த்து அனுப்புங்கள். இங்கே கம்பி போட்டவர் ஒருவர், இணையம் விற்பவர் இன்னொருவர். விற்பவரிடம் எண் இருந்தால்தான் கம்பிக்காரர் ஏணியைத் தூக்குவார்.

சனிக்கிழமை வாத்தியார் · சனி, காலை 7.30

வாட்ஸப்பில் இரவுப் பணியில் இருந்த ஒரு பெண் பிள்ளை பொறுமையாகப் பார்த்துச் சொன்னது. 6.10க்கு மைனஸ் 23.8. 6.48க்கு மைனஸ் 28.1. "சார், இது நல்லதில்லையே" என்று அதுவே டிக்கெட்டை மேலே தள்ளிவிட்டது. மூன்று வாரத்தில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை.

அந்த நேரம் நான் பின்கட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். மாமியார் தேநீர் கொண்டுவந்து வைத்தார், காலங்காத்தாலே என்ன பார்க்கிறாய் என்றார். நேரத்தைச் சொன்னேன். ஆறரை, ஏழேகால், மாலை மூன்றரை, நாலரை. அவர் யோசிக்கவே இல்லை.

"அது குரங்கு வர்ற நேரம்ல?"

வெளியே போய்ப் பார்த்தேன். சில்வர்க்ளென் காட்டுப் பக்கமிருந்து வரும் கூட்டம், கருமுகக் குரங்குகள், பத்துப் பதினைந்து இருக்கும். பக்கத்து வீட்டு மாமரத்துக்குப் போகக் கம்பத்திலிருந்து எங்கள் கூரைக்கு வரும் ஃபைபர் கேபிள் மேல்தான் நடக்கின்றன. ஒன்று குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு நடுக்கேபிளில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் போக்கு, மாலையில் வரவு. மூன்று வாரம் முன்னால்தான் அந்த மரத்தில் காய் திரள ஆரம்பித்தது.

நான்காம் தலைமுறை · சனி, காலை 7.52

அண்ணா!!! எங்கள் வீட்டில் பிரெட் திருடும். இன்டர்நெட்டும் திருடுமா!

இடியாப்பம் · சனி, காலை 8.20

குரங்கு கையில் பூமாலை கேள்விப்பட்டிருக்கிறன். குரங்கு காலில் ஃபைபர் இப்பதான்.

ஒளியிழை · சனி, காலை 9.15

உங்கள் மாமியாரை எங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.

பாதி விஷயம் இன்னும் இருக்கிறது. குரங்கு உட்கார்ந்தால் மட்டும் 4 டிபி போகாது, கேபிள் அந்த எடையைத் தாங்கும்படி செய்ததுதான். எங்கோ பிடிமானம் கழன்று, எடை ஏறும்போது ஒரு இடத்தில் மடிகிறது. குரங்கு இல்லாதபோதே மைனஸ் 23.8 என்பது எனக்கு இடிக்கிறது. பக்கத்து அங்கிளுடையதைக் கேட்டுப் பாருங்கள். கூரை விளிம்பில் கேபிளைக் கட்டியிருக்கும் கிளாம்ப்பையும் கீழே நின்று பாருங்கள். ஏறாதீர்கள். கல்லும் எறியாதீர்கள், அது சட்டப்படியும் தப்பு.

மழைக்காகம் · சனி, காலை 9.40

செவ்வாய்க்கிழமை வடைமாலை சாத்தினால் ஆஞ்சநேயர் வேறு பாதையில் கூட்டிப்போவார். கடலடி கேபிள் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

சனிக்கிழமை வாத்தியார் · செவ்வாய், மாலை 6.05

முடிந்தது. அங்கிள் வீட்டில் மைனஸ் 18.7 என்று நிறுவனமே சொன்னது. அதையும் எழுதி அனுப்பினேன். இன்று மாலை மூன்றே முக்காலுக்கு டெக்னீஷியன் வந்தார், நேரத்தை நான்தான் கேட்டு வாங்கினேன். ஜூலு பையன், இளைஞர். கேபிளை நிமிர்ந்து பார்த்தார், மேலே உட்கார்ந்திருந்ததையும் பார்த்தார். "இன்காவு" என்று சொல்லிச் சிரித்தார், ஜூலு மொழியில் குரங்கு. இந்த மாதத்தில் இது அவருக்கு மூன்றாவது வீடாம்.

கூட்டம் போனபிறகு ஏணியில் ஏறினார். கூரை விளிம்புப் பலகையில் கிளாம்ப்பைப் பிடித்திருந்த கொக்கி, பலகை உளுத்துப்போய், பாதி வெளியே வந்திருந்தது. கேபிளில் எடை ஏறும்போதெல்லாம் கொக்கி சாய்ந்து, கேபிள் பலகை முனையில் செங்குத்தாக மடிந்திருக்கிறது. பவர் மீட்டரைச் செருகி வைத்துக்கொண்டு கையால் லேசாக இழுத்துக் காட்டினார். 24, 26, 28. விட்டார், 24. அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தேன், மேலுறையில் நகம் பதிந்த மாதிரி ஒரு தழும்பு.

சும்மா கட்டிவிட்டுப் போகவில்லை. கம்பத்திலிருந்து புதுக் கேபிள் இழுத்தார், கொக்கியைச் சுவரில் துளை போட்டு மாட்டினார். இப்போது மைனஸ் 18.4.

ஒளியிழை · செவ்வாய், இரவு 7.00

18.4, அபாரம். நாளை குரங்கு நேரத்தில் ஒருமுறை ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை வாத்தியார் · புதன், மாலை 4.40

600க்கு 600. நாலு மணிக் கூட்டம் முழுக்க நடந்தது. நடுவில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், புதுக் கேபிள் மேல் ஐந்து வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, கடைசியில் போனதன் வாயில் ஒரு மாங்காய்.

இடியாப்பம் · புதன், இரவு 8.30

எனக்கு ரவுட்டருக்கே 3% போகுது. கேப் டவுனில் எங்கட வீட்டுப் பக்கம் குரங்கு இல்லை. ரவுட்டர் மீன்தொட்டிக்குப் பின்னால் இருக்கு. வயர் தேடி எடுத்துக்கொண்டு வாறன்.